சத்திரக்காரிக்குப் பிள்ளைகள் இல்லை

“எழுதிட்டியா?”

“எழுதிக்கிட்டே இருக்கேம்மா.”

“படிச்சுக் காட்டு.”

அவள் அம்மாவின் கைப்பேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படித்தாள். “கொல்லனுக்கு. உலையை அணைய விட்டுடாதே. புதுசா வர்ற ஒவ்வொருத்தருக்கும் மொதல் கத்தியை நீதான் குடுக்கணும்...”

“மொதல் இல்ல, முதல். குடுக்கணும் இல்ல, கொடுக்கணும்.” அம்மா நிறுத்தி மூச்சு வாங்கினாள். மூக்கில் செருகியிருந்த ஆக்ஸிஜன் குழாய் ஒருபக்கம் இறங்கியிருந்தது. “அங்க நான் பிழையா எழுதுறதில்ல.”

அவள் திருத்தினாள். குழாயைச் சரிசெய்யக் கை நீட்டியபோது அம்மா தலையை விலக்கிக்கொண்டு தானே சரிசெய்தாள்.

காலையில் வந்த டாக்டர் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, நெருங்கிய சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது என்றார். நுரையீரல் இரண்டும் பஞ்சடைத்துப்போன மாதிரி ஆகிவிட்டது. இனி மருந்தில் ஒன்றுமில்லை. அவள் மாமாவுக்கு மட்டும் போன் செய்து சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்து, முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தாள். அம்மா ஒரு பார்வை பார்த்தாள்.

“டாக்டர் என்ன சொன்னாருன்னு நான் கேக்கல. போனை எடு. எனக்கு விரல் நிக்கல, நீ அடி. எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போகணும்.”

எல்லார் என்றதும் அவள் சொந்தக்காரர்களைத்தான் நினைத்தாள். ஆனால் அம்மா சொன்ன எல்லாரும் மலைவாசல்காரர்கள்.

மலைவாசல் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு ஊர். ஒரு மலை, மதில், காடு, காட்டுக்குள் விதவிதமான விலங்குகள். ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத மனிதர்கள் ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு அங்கே வந்து, பேசுவதையும் செய்வதையும் எழுதியெழுதி ஒரு கதையை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் கொல்லன், ஒருத்தி மூலிகைக்காரி, ஒருவன் திருடன். அம்மா அங்கே சத்திரக்காரி. புதிதாக விளையாட வருகிறவர்கள் ஒரு பெயரும் உடுப்பும் தேர்ந்தெடுத்த கையோடு மதிலுக்கு வெளியே வந்து விழுவார்கள். எந்தப் பக்கம் போவது, யாரிடம் பேசுவது, ஒரு மண்ணும் தெரியாது. எதிரே விளக்கெரிகிற ஒரே கதவு சத்திரம். அங்கே அம்மா நிற்பாள். கம்பளி கொடுப்பாள், ஜன்னல் வைத்த அறை ஒன்று கொடுப்பாள், ஊர் நடப்பைச் சொல்லிக்கொடுப்பாள்.

அந்தக் கம்ப்யூட்டர் மாமாவின் மகனுடையது. வேலை கிடைத்து வெளியூர் போகும்போது இவர்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனான். முழங்கால் தேய்ந்து வேலையை விட்டு வீட்டோடு இருந்த அத்தைக்குப் பொழுது போகட்டும் என்று இந்த விளையாட்டையும் காட்டிக்கொடுத்தான். ஒரு வாரத்தில் சலித்துவிடும் என்றுதான் அவன் நினைத்திருப்பான். விளையாட்டை நடத்துகிறவர்களே கும்பிட்டு, புதியவர்களைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பை அவளிடம் ஒப்படைக்கிற அளவுக்கு அது போகும் என்று யார் கண்டார்கள்.

“அடுத்தது மூலிகைக்காரிக்கு,” என்றாள் அம்மா. “அவ புதுசுங்ககிட்ட சிடுசிடுன்னு விழுவா. எழுது. மகளே, முதல் நாள் கேட்கிற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்றால், வந்தவர்கள் மறுநாள் வர மாட்டார்கள். எத்தனை தடவை கேட்டாலும் சொல்லு. சிரித்த முகமாகச் சொல்லு.”

அவள் அடித்தாள். சிரித்த முகமாக என்று அடிக்கும்போது விரல் தவறி, திரும்ப அடித்தாள்.

“ஒரு வரி அடிக்க இவ்வளவு நேரமா உனக்கு?” என்றாள் அம்மா.

அம்மா தையல் கம்பெனியில் பீஸ் செக்கராக இருந்தவள். தைத்து வருகிற சட்டைகளை ஒவ்வொன்றாக டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, தையல் விட்ட இடம், நூல் தொங்குகிற இடம், பட்டன் நகர்ந்த இடம் என்று கண்டுபிடித்து சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. அவள் கண்ணுக்குத் தப்பிய பிசகே கிடையாது என்று சூப்பர்வைசர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாராம். அந்தப் பஞ்சும் தூசியும்தான் கடைசியில் நெஞ்சை அடைத்தன. வேலை முடிந்து வரும்போது கண்ணைக் கம்பெனியில் கழற்றி வைத்துவிட்டு வர முடியுமா? வீட்டிலும் அதே கண்தான். வகிடு கோணல், எழுத்து கோணல், துணி காயப்போட்டது கோணல். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பீஸ். ஸ்டிக்கர் முழுக்க அதன் மேல்தான் விழுந்தது.

கல்யாணம் முறிந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு அவள் திரும்பி வந்த அன்று அம்மாதான் கதவைத் திறந்தாள். அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

“சக்கரம் ஒடஞ்சிருக்கே,” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கல்யாணத்தைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. சாயங்காலம் வந்து சமைப்பாள், அம்மா குறை சொல்வாள், சாப்பிடுவார்கள், ஆளுக்கொரு அறைக்குள் போய்விடுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் விசைப்பலகை தடதடவென்று ஓடும். நடுநடுவே ஒரு சத்தம் கேட்கும். அது சிரிப்பு என்று புரியவே அவளுக்குக் கொஞ்ச நாள் ஆனது. அம்மா வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டதில்லை.

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்ற எரிச்சலில்தான் போனாள். கடையில் சாப்பாட்டு இடைவேளையில், தன் கைப்பேசியில், நாணல் என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு மலைவாசலுக்கு வெளியே போய் விழுந்தாள். சத்திரத்துக்குள் நுழைந்த வேகத்தில் ஏதோ பட்டனை அழுத்தி, இடுப்பிலிருந்த கத்தியை உருவிவிட்டாள். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பைத்தியம் ஒன்று வந்திருக்கிறது என்று யாரோ எழுதினார்கள். கத்தியை எப்படி உள்ளே வைப்பது என்று தெரியாமல் அவள் கையும் காலும் ஓடாமல் நின்றாள்.

அப்போது சத்திரக்காரி எழுதினாள்: ‘உட்காருங்கள் எல்லாரும். குளிரில் வந்த பிள்ளை, கை விறைத்துக் கத்தி தானாக வந்துவிட்டது. இப்படி வா மகளே. முதல் நாள் இந்த வாசலில் கத்தியை உருவாதவர்கள் இங்கே யாருமில்லை. நானே உருவியிருக்கிறேன்.’

மகளே. அவள் லென்ஸ் தூள் படிந்த மேசையில் உட்கார்ந்து அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சோறு ஆறிப்போனது.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். சத்திரக்காரி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். ‘மற்றவர்கள் கை என்ன செய்கிறது என்று நீ எழுதக்கூடாது. உன் கையை மட்டும் எழுது.’ ‘முதலில் ஒரு வேலை தேடிக்கொள். வேலை இல்லாதவர்கள் கதையில் நிலைப்பதில்லை.’ ‘கதைக்கு வெளியே நிஜமாக ஏதாவது சொல்வதென்றால் அடைப்புக்குறிக்குள் போடு, அப்போது நீ விளையாடவில்லை என்று எல்லாருக்கும் புரியும்.’ ஒரே சந்தேகத்தை வேண்டுமென்றே இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். அலுக்காமல் பதில் வந்தது. மற்ற புதியவர்கள் கற்றுக்கொண்டு, காட்டுக்கும் கடலுக்கும் கிளம்பிப் போனார்கள். நாணல் மட்டும் எதையும் முழுதாகக் கற்றுக்கொள்ளாமல் சத்திரத்திலேயே பாத்திரம் கழுவிக்கொண்டு கிடந்தாள். அவளைக் கிளப்ப யாராலும் முடியவில்லை.

ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. அம்மா பிடித்த பிடியில் அரைமணி நேரம் திட்டினாள். பால் பாத்திரத்தில் ஆரம்பித்து, அவள் கைராசியில் போய், ஒரு வீட்டைக் கட்டிக்காக்கத் துப்பில்லாதவள் என்பதில் முடித்தாள். அவள் அறைக்குள் போய்ப் போர்வைக்குள் புகுந்துகொண்டு அடித்தாள்: ‘(இன்னிக்கு எங்கம்மா என்னை ரொம்பத் திட்டிட்டாங்க. மனசே சரியில்ல.)’

சுவருக்கு அந்தப் பக்கம் விசைப்பலகை ஓடியது. ‘(உங்கம்மாவுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? இப்படி ஒரு தங்கமான பொண்ணை வச்சுக்கிட்டுத் திட்ட எப்படி வாய் வருது? நீ அழாத கண்ணு. சாப்பிட்டியா?)’

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை.

தைரியம் வந்து, ஒருநாள் கேட்டாள்: ‘(உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?)’

விசைப்பலகைச் சத்தம் நின்றது. கொஞ்சம் ஓடியது. மறுபடி நின்றது. பிறகு வந்தது: ‘(இல்லம்மா.)’

அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். அறைக்குள்ளிருந்து அம்மா குரல் கொடுத்தாள், “ஃபிரிட்ஜைச் சரியா சாத்து.”

இதற்குப் பிறகு மானம் ரோஷம் உள்ளவள் போயிருக்க மாட்டாள். அவள் மறுநாளும் போனாள்.

“கடைசியா நாணலுக்கு,” என்றாள் அம்மா.

மதிய வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் விளிம்பில் விழுந்திருந்தது. திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரிக்கிற வாசனை. அவள் கைப்பேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“யாரும்மா அது?”

“உனக்கு எதுக்கு? அடி.” அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். குரல் மாறியது. இத்தனை காலமாக அவள் எழுத்தில் மட்டுமே பார்த்த குரல், முதல்முறையாகக் காதில் விழுந்தது. “என் நாணலுக்கு. நான் ஒரு நீண்ட பயணம் போகிறேன் மகளே. பயப்படாதே. சத்திரத்துச் சாவி இனி உன்னிடம். வருகிறவர்களுக்கு நீதான் கதவு திறக்க வேண்டும். உனக்கு எதுவும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். எல்லாம் தெரியும் உனக்கு. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்...”

நிறுத்தினாள். மூச்சு கூடி வர நேரமானது.

“அடிச்சிட்டியா?”

“ம்.”

“உங்கம்மா திட்டினால் மனதில் வைத்துக்கொள்ளாதே. அவளுக்கு உன்னைத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.”

அவளுக்குக் கைப்பேசித் திரை கலங்கியது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

“யாரும்மா இந்தப் பொண்ணு?” என்று மறுபடி கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. “இருக்கா ஒருத்தி. முகம் பாத்ததில்ல. என்ன ஒரு பொறுமை, என்ன ஒரு அடக்கம். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னதில்ல. என் வயித்துல பொறந்திருக்க வேண்டியவ.”

“அம்மா.”

“ம்?”

“நாணல் நான்தாம்மா.”

அம்மா கண்ணைத் திறந்தாள். கோபமில்லை, வியப்பில்லை. டியூப் லைட்டுக்கு நேரே சட்டையைத் தூக்கிப் பிடிக்கிற அதே பார்வை.

“மொத நாள் வந்து என்ன செஞ்சா?”

“கத்திய உருவிட்டேன்.”

“அவளுக்கு எந்த ரூம் கொடுத்தேன்?”

“மாடில. கெணறு தெரியற ரூம்.”

“அவங்கம்மா எதுக்குத் திட்டினான்னு அவ சொல்லவே இல்லையே?”

“பால் பொங்கி வழிஞ்சதுக்கு.”

அம்மாவின் உதடு அசைந்தது. அவள் குனிந்தாள். எதை எதிர்பார்த்துக் குனிந்தாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. இத்தனை வயதுக்கு மேல், ஒரு சொல் கிடைத்துவிடும் என்று நம்பி அந்த வாயருகே காதைக் கொண்டுபோனாள்.

“அப்ப,” என்றாள் அம்மா, “அந்தப் பொண்ணு இல்லவே இல்லையா?”

அம்மாவின் கண்ணோரம் நீர் கோத்து, காதுப் பக்கமாக வழிந்து தலையணையில் இறங்கியது. தன் சாவைப் பற்றித் தெரிந்தபோதுகூட அழாதவள்.

“ஏன் இப்படிப் பண்ண?”

“தெரியலம்மா.”

“என்னைய வேவு பாத்தியா?”

“இல்லம்மா. சத்தியமா இல்ல. நீ அங்க நல்லா பேசினம்மா. அதுக்குத்தான் வந்தேன்.”

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. சுவரைப் பார்த்தபடியே சொன்னாள், “அத அழிச்சிடு.”

“எத?”

“கடைசியா சொன்னது. அனுப்பாத. யாருமில்லாதவளுக்கு எதுக்கு?”

அவள் அழித்தாள். மொத்தமாக அழிக்கத் தெரியாமல் இல்லை. பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்துக்கொண்டு வந்தாள். எனக்குத் தெரியும் என்பது போனது. அவளுக்கு உன்னைத் தெரியவில்லை என்பது போனது. கடைசியில் என் நாணலுக்கு என்பதும் போனது.

மாமா வந்து சேர்ந்தபோது வெயில் கட்டிலைவிட்டு இறங்கிவிட்டிருந்தது. அக்காவின் காலைப் பிடித்துவிட்டபடி, பழைய கதையெல்லாம் பேசினார். அம்மா ம் கொட்டினாள். மாமா அவளிடம், “நீ போய் ஏதாவது சாப்பிட்டு வாம்மா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு,” என்றார். அவள் போகவில்லை.

மாமா டாக்டரைப் பார்க்க வெளியே போன நேரம் அம்மா திரும்பினாள். அவளை வெகுநேரம் பார்த்தாள்.

“ஒருநாள் கெணத்தடில உக்காந்து அழுதாளே. வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு.”

“ஆமா.”

“அது கதைக்கா, நெசமாவா?”

“நெசமாத்தாம்மா. அன்னிக்குத்தான் கோர்ட்ல தீர்ப்பு வந்துச்சு.”

அம்மாவின் கை போர்வைமேல் நகர்ந்தது. விரல்கள் போர்வை ஓரத்துத் தையலைத் தடவிப் பார்த்தன. வாய் திறந்தாள். என்னவோ சொல்லத்தான் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்தாள். மானிட்டரைப் பார்த்துவிட்டு, “என்ன பாட்டி, பேசிப்பேசியே ஆக்ஸிஜன எறக்கிட்டீங்களே,” என்று குழாயை எடுத்துவிட்டு வாயும் மூக்கும் சேர்த்து மூடுகிற மாஸ்க்கைப் போட்டு, பட்டையைத் தலைக்குப் பின்னால் இழுத்து மாட்டினாள். மாஸ்க்குக்குள் அம்மாவின் வாய் இரண்டு தடவை அசைந்தது. பிளாஸ்டிக்கில் ஆவி படிந்தது, மறைந்தது, படிந்தது. அவள் குனிந்து, “என்னம்மா? என்ன?” என்றாள். நர்ஸ், “இப்பப் பேச விடாதீங்க,” என்று கண்டித்துவிட்டுப் போனாள்.

மாலையில் விளக்குப் போட்ட கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக்கில் ஆவி படிவது நின்றது.

மறுநாள் காலை தகனக்கூடத்தின் காத்திருப்பு அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். மாமா, மாமி, கம்பெனியில் கூட வேலை பார்த்த பெண்கள் கொஞ்சம் பேர், கண்ணாடிக் கடை முதலாளி. இறப்புச் செய்தியை மலைவாசலிலும் போட்டது அவள்தான். அம்மாவின் கைப்பேசியில், இடமும் நேரமும் மட்டும் எழுதி, கீழே ‘வீட்டார்’ என்று போட்டிருந்தாள். யாரும் வருவார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

நாலைந்து பேர் வந்து வாசலில் தயங்கி நின்றார்கள். ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் மெதுவாக விசாரித்துக்கொண்டு, பிறகு தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மாவின் முகத்தை அப்போதுதான் பார்த்தார்கள். தலை நரைத்த பெரிய உடம்புக்காரர் ஒருவர் உடலருகே நின்று, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். மாமி அவள் காதருகே வந்து, “யாரு இவங்க? உங்கம்மாவுக்கு எப்படிப் பழக்கம்?” என்றாள். இந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் யார் கண்ணும் நனையவில்லை. அவள் கண்ணும்தான்.

எல்லாம் முடிந்து இரும்புக் கதவு இறங்கிய பிறகு அந்தப் பெரியவர் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார். கையில் கிரீஸ் கறை ஏறிப்போன நகங்கள்.

“வணக்கம்மா. நான் பஸ் டிப்போல மெக்கானிக். அங்க என்னைக் கொல்லன்னு கூப்பிடுவாங்க.”

“தெரியும்.”

“என் சம்சாரம் போனப்புறம் பித்துப் பிடிச்ச மாதிரி இருந்தேன். ஏதோ தெரியாத்தனமா அந்த கேமுக்குள்ள போய் நின்னேன். வா, உக்காரு, உலைய பத்த வைன்னு சொன்ன ஒரே ஆளு அவங்கதான்.” மூக்கை உறிஞ்சினார். “நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

“பொண்ணு.”

அவர் முகம் குழம்பியது. “பொண்ணா? பிள்ளைங்க இல்லன்னுல்ல சொன்னாங்க?” சொன்ன பிறகுதான் உறைத்தது போல. “மன்னிச்சுக்கோங்கம்மா. நான் ஏதோ தப்பா...”

“இல்ல. சரியாத்தான் சொல்றீங்க.”

பக்கத்தில் நின்ற மாமாவுக்குப் பொறுக்கவில்லை. “என்னங்க பேசுறீங்க? ஒத்தப் பொண்ணுங்க எங்கக்காவுக்கு. கடைசிவரைக்கும் கூடவே இருந்து பாத்துக்கிட்டது இவதான்.” மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். மாமா முணுமுணுத்துக்கொண்டே வண்டிக்காரரைப் பார்க்கப் போனார்.

“இன்னொரு விஷயம்மா,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “நாணல்னு ஒரு பொண்ணு உண்டு. உங்கம்மாவுக்கு அவன்னா உசுரு. சத்திரத்த விட்டு நகரவே மாட்டா. அவ எங்க இருக்கா, யாரு, என்னன்னு எங்க யாருக்கும் தெரியல. இன்னிக்கும் வரல. செய்தியைப் பாத்தாளோ இல்லையோ. ஏற்கெனவே அவ வீட்ல அம்மா சரியில்ல போல. தாங்குவாளான்னு பயமா இருக்கு. அவங்க போன்ல நம்பர் ஏதாவது இருக்குமா?”

அவள் அவரைப் பார்த்தாள். அழுது சிவந்த கண். அந்தக் கண்ணில் இருந்த கவலை அத்தனையும் நிஜம். அதில் ஒரு துளிகூட, எதிரே நிற்கிறவளுக்காக இல்லை.

“இல்லீங்க,” என்றாள். “அவங்கள எனக்குத் தெரியாது.”

“சரிம்மா. பஸ்ல போகும்போது நானே அங்க அவளுக்குப் பக்குவமா எழுதிடறேன். யாராவது ஒருத்தர் சொல்லித்தான ஆகணும்.” கும்பிட்டுவிட்டு, நாலு எட்டு போனவர் திரும்பி வந்தார். “நீங்களும் மனசத் தேத்திக்கோங்கம்மா,” என்றார், மறந்துவிட்டதை எடுக்க வந்தவர் மாதிரி.

மாமா பிடித்திருந்த வண்டியில் பின்சீட்டில் அவளை நடுவில் உட்காரவைத்தார்கள். மாமி ஜன்னலோரம் சாய்ந்து, உட்கார்ந்த உடனே கண்ணை மூடிவிட்டாள். வண்டி வாசலைத் தாண்டித் திரும்பும்போது, பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெரிய உடம்பு கைப்பேசிமேல் குனிந்திருப்பது தெரிந்தது. ஒற்றை விரலால், யோசித்து யோசித்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்துக்கொண்டிருந்தார்.

கடைவீதி நெரிசலில் வண்டி ஊர்ந்தது. அவள் மடியிலிருந்த பைக்குள் அவளுடைய கைப்பேசி அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

முன்சீட்டிலிருந்து மாமா திரும்பினார். “போன் வருது பாரும்மா.”

“எனக்கில்ல மாமா.”

மாமா புரியாமல் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். பை அதிர்ந்தது. அவள் அதை இரண்டு கையாலும் மடியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, முன்னால் நின்ற லாரியில் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.